கங்கு இருந்த அறை

யுவராணி லேசில் பயப்படுகிறவள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை பார்த்தபோது, சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் அவளும் உயர்த்துவாள். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் கிளம்பிவிட்ட ரயிலில் தாவி ஏறுவாள். குழந்தை பிறந்த பிறகுதான் அவளுக்குள் பயம் வந்து குடியேறியது.

மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் தலை மட்டும்தான் கனக்கும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, எடை கொஞ்சம் ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"சூடு மட்டும் குறையவே கூடாதும்மா. பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பாருங்க. சில்லுனு இருந்தா நெஞ்சோட அணைச்சுக்கங்க" என்றாள் நர்ஸ்.

அன்றிலிருந்து யுவராணியின் கை அந்தப் பாதங்களை விட்டு விலகவில்லை. அரைத் தூக்கத்திலும் தடவிக்கொண்டே இருப்பாள். தொட்டிலுக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில்தான் குழந்தையைக் கிடத்துவாள்.

டிசம்பரில் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். கரண்ட் போனால் பல்பும் போகும்; அறையைச் சூடாக வைக்க ஒரு அடுப்பு வேண்டும். அவள் புருஷன் ஜீவா, எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், பூந்தமல்லியில் தகர வேலை செய்கிற பட்டறைக்குப் போய் அங்கிருந்து போன் செய்தான்.

"மண்ணுல ஒரு அடுப்பு கீது, இரும்புல ஒண்ணு கீது யுவா. இரும்புக்கு பொக போக கொழா வெச்சிக்கிறாங்க. எத வாங்கிகினு வர்றது?"

"கொழா இருக்கறதயே வாங்கு. கொழந்தைக்கு பொக ஆவாது."

புயல் வந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் போயிற்று. அவர்கள் குடியிருந்த மாடி அறையின் சுவரில் ஈரம் ஏறி, தொட்டால் கை நனைந்தது. குழந்தையின் பாதம் முதல்முறையாக ஜில்லிட்டது.

ஜீவா அடுப்பை அறை மூலையில் வைத்து, குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பழைய பலகையை உடைத்துப் போட்டு மூட்டினான். அறை கதகதத்தது. பாதம் சூடாயிற்று. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் யுவராணி கண்ணயர்ந்தாள்.

மறுநாள் காற்று திசை மாறியது. புகை குழாய்க்குள்ளேயே திரும்பி வந்து அறையை நிறைத்தது. குழந்தை இருமியது, இருமக்கூடத் தெம்பில்லாத இருமல். ஜீவா குழாயைக் கழற்றிப் போட்டான். அடுப்பை வெளியே படிக்கட்டுத் தகரத்துக்குக் கீழே வைத்து, விறகெல்லாம் எரிந்து கங்கு ஆகும்வரை காத்திருந்து, பிறகு ஈரச் சாக்கால் பிடித்து உள்ளே தூக்கி வந்தான்.

"இப்ப பாரு, பொகையே இல்ல."

உண்மைதான். சிவப்பாகக் கனன்றதே தவிர ஒரு நூல் புகை இல்லை. சாரல் அடிக்கிறதென்று யுவராணி ஜன்னலை மூடினாள். ஜீவா குடிக்கத் தண்ணீர் தேடிக் குடத்தோடு போனான். அவன் போனதும் கதவிடுக்கிலும் பழைய புடவையைத் திணித்தாள்.

பகல் சாப்பாட்டு வேளை தாண்டியிருக்கும். நெற்றியில் வலி ஆரம்பித்தது. தூக்கமில்லாததால் வந்த வலி என்று நினைத்தாள். பிறகு வயிற்றைப் புரட்டியது. மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சப்புவதை நிறுத்தியது. உதடு தளர்ந்து பால் வழிந்தது. பாதத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. சுண்டினாள். அழவில்லை. மறுபடி சுண்டினாள்.

சூடாக இருக்கிற குழந்தை ஏன் கண் திறக்க மாட்டேன் என்கிறது? இந்த அறைக்குள் ஏதோ இருக்கிறது. இன்னதென்று தெரியவில்லை. பார்க்க முடியவில்லை. ஆனால் இருக்கிறது. எழுந்தாள், முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தாள். குழந்தையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு தவழ்ந்தாள். நாலு எட்டில் இருக்கிற கதவு தெருக்கோடிக்குப் போய்விட்டது போலிருந்தது. புடவையை இழுத்தாள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தாழ்ப்பாள் நழுவி நழுவிப் போயிற்று. கடைசியில் கதவு திறந்துகொள்ள, தகரத்தைத் தாண்டிப் படிக்கட்டில் மழையில் போய் விழுந்தாள்.

கீழ் வீட்டு தாட்சாயிணி சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"கொழந்த முழிக்கலக்கா."

மழைத்துளி முகத்தில் விழ விழ, குழந்தை முகத்தைச் சுளித்தது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. தண்ணீரோடு திரும்பி வந்த ஜீவா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். மீட்பு வேலைக்கு வந்திருந்த டிராக்டரை மறித்து ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். "மூடின ரூம்ல கங்கு வெச்சா விஷவாயு சேரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்காமல் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜீவா உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். யுவராணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

"நாந்தான் கொழாய கழட்னேன்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"ஜன்னல மூடுனது நானு. கதவுல துணி அடச்சதும் நானு. உள்ள வா."

குழந்தை பிழைத்தது. தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் அடுப்பை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். வெந்நீர் காய்ச்ச மட்டும்தான் அது. அதற்குக்கூட யுவராணி கிட்டே போகமாட்டாள். நர்ஸ் சொன்னபடி குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் புடவையால் கட்டிக்கொண்டு நடமாடினாள். களைத்தால் ஜீவா சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் மார்பில் வாங்கிக்கொள்வான்.

பொங்கல் தாண்டி வெயில் ஏறிய பிறகும் அவன் அதை விடவில்லை. வேர்த்துக் கொட்டும். குழந்தையும் நசநசப்பில் நெளியும்.

"போதும், எறக்கி உடு. இப்ப இன்னா குளுரா கீது?" என்பாள் யுவராணி.

"மூச்சு உடறது தெரிது யுவா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்பான் அவன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறி இறங்கும் அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள்.