கண்ணாடி மூடிக்குள்

பாகூர் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தணிகைவேல்தான் போவான். பதினான்கு வருடமாக அதே வேலை, அதே வாய்த்துடுக்கு. "மனசாவது மண்ணாங்கட்டியாவது! உடம்பு நின்னா அதுவும் நின்னுது, அவ்ளோதான்பா" என்பான். ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் கிளாட்சன் மட்டும் விடமாட்டான். "உடம்பு வேற, மனசு வேறடா" என்று டீக்கடையில் மல்லுக்கு நிற்பான்.

ஆடி மாதம் கரியமாணிக்கத்தில் ஒரு சாவு. மோட்டார் கொட்டகையில் தரையில் படுத்த முத்துக்குமரன் காலையில் எழுந்திருக்கவில்லை. முப்பது வயது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மாரடைப்பு என்று ஊரே முடிவுகட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டது. தணிகைவேல் பெட்டியில் கிடத்தி மூடியபோது தாய் கலியம்மாள் பேர் சொல்லிக் கத்தினாள். மகனின் கண்ணோரம் ஈரம் திரண்டு காதுப் பக்கம் இறங்கியது.

"ஐயோ, புள்ள அழுவுறான் பாரு!"

"ஐஸ் தண்ணிமா" என்று சொல்லிவிட்டுத் தணிகைவேல் சுவிட்சைப் போட்டான்.

நேற்று கிளாட்சன் குஷியாக டீக்கடைக்கு வந்தான்.

"தரையில படுத்திருந்தப்ப கட்டுவிரியன் கடிச்ச ஆளுடா. கடிவாயே தெரியல, இமைகூட ஆடல. செத்துட்டான்னுதான் தூக்கியாந்தாங்க. மூச்சு மெஷின்ல வச்சோம். பத்து நாள் கழிச்சு எழுந்து, நாங்க பேசுனத ஒண்ணு விடாம சொல்றான்! இன்னாடா சொல்ற இப்ப?"

தணிகைவேலின் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அன்றைக்கு முத்துக்குமரன் கண்ணோரம் ஈரம் இறங்கிய பிறகுதான் அவன் சுவிட்சைப் போட்டான். அதுவரை பெட்டியில் குளிரே இல்லை.