சேவியர் சாருக்கு மட்டும் தனிக் கிளை

“...அப்புறம் மறுபடியும் செவன் லெஸ்னு ஆரம்பிக்கும் சார். நடுவுல செவன் ஈக்வல்ஸ். முடியறப்ப செவன் கிரேட்டர். காலையிலேர்ந்து இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் சேவியர் சார், ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றிவிட்டு.

போன சனிக்கிழமை, பொழிச்சலூரில் அவர் வீட்டு மாடி. தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. அது போய் முடிகிற வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான் — பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

சேவியர் சாருக்குப் பார்வை கிடையாது. பம்மல் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். கம்ப்யூட்டர் வாசித்துக் காட்ட, காதால் கேட்டே புரோகிராம் எழுதுவார்.

நாங்கள் இருபது பேர், சம்பளம் இல்லாமல், ஒரு சாஃப்ட்வேர் செய்கிறோம். தமிழ்ப் புத்தகங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். மேற்குத் தாம்பரத்து டிடிபி கடை ஒன்றில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட நான்தான், எப்படியோ, அதற்குப் பொறுப்பாளர்.

‘கி.பி.’ என்று வந்தால் அது ‘கி புள்ளி பி புள்ளி’ என்று வாசித்து மானத்தை வாங்கும். சரிசெய்ய முன்வந்தவர் சேவியர் சார். அவர் வகுப்பில் பார்வையில்லாத பிள்ளைகள் நாலு பேர் பாடத்தை இதில்தான் கேட்கிறார்கள்.

ஒரே நோட்டில் இருபது பேர் எழுதினால் என்ன ஆகும்? அடிதடிதான். அதனால் ஆளுக்கொரு நகல் எடுத்து எழுதி, பிறகு மூல நோட்டில் சேர்ப்போம். அந்த நகலைத்தான் கிளை என்கிறோம். ஒரு கிளையை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், யார் பார்த்துச் சேர்ப்பது... இதை முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம்.

முடிவு இதுதான். மூன்று நாளுக்கு மேல் யாரும் தனிக் கிளை வைத்திருக்கக் கூடாது. கொஞ்சம் எழுது, கொண்டு வா, இன்னொருத்தர் படித்துத் தப்பு சொல்லட்டும், திருத்திச் சேர்.

நல்ல சட்டம். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“சேவியர் சாருக்கு மட்டும் தனிக் கிளை. அவருக்கு அவசரமே இல்லை. எப்ப முடியுதோ அப்ப சேர்த்துக்கலாம்” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

எட்டு மாதம் ஓடியது. அவர் தன் கிளையில் எழுதிக்கொண்டே இருந்தார். நாங்கள் மூல நோட்டை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

போன மாதக் கூட்டத்தில் ஷபானா ஒரு கேள்வி கேட்டாள். காட்டாங்குளத்தூரில் படிக்கிற பெண், பட்டென்று பேசுவாள்.

“அண்ணா, சாரோட புரோகிராமை நம்மள்ல யாராவது ஒரு தடவையாவது படிச்சோமா?”

“அவருக்குப் போய் நாம தப்பு சொல்றதா...” என்று ஒருவர் இழுத்தார்.

“என் புரோகிராம்ல மட்டும் ஒரு கமாவுக்குப் பதினாலு கமென்ட் போட்டீங்க?”

அவள் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். அதே கி.பி. வேலையைப் புதிதாக வந்த ஒருவர் செய்து, அது மூல நோட்டில் சேர்ந்தும் விட்டிருந்தது. அதுவும் அரைகுறையாக. கி.பி. சரியாக வந்தது, கி.மு. வரவில்லை. ‘அருமை’ என்று எழுதிச் சேர்த்தது யார்? நான்தான். சேவியர் சார் எட்டு மாதமாக அதையேதான் செய்துகொண்டிருக்கிறார் என்பது என் நினைவிலேயே இல்லை.

இனி அவர் கிளையும் மூல நோட்டும் மோதுகிற ஒவ்வொரு இடத்தையும் கையால் பிரிக்க வேண்டும். நமக்குத் திரையில் இரண்டு நிறம் தெரியும். இது நம்முடையது, அது அடுத்தவருடையது... ஒரு பார்வையில் முடிந்தது. அவருக்கு? மோதும் இடத்தைக் காட்டுகிற ஏழு ‘<’, ஏழு ‘=’, ஏழு ‘>’ குறிகளைக் கம்ப்யூட்டர் வாசிக்கும். செவன் லெஸ், அவர் எழுதியது. செவன் ஈக்வல்ஸ், அடுத்தவர் எழுதியது. செவன் கிரேட்டர். முதலில் கேட்டதை மனதில் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்க வேண்டும். நடுவில் ஒரு விமானம் போனால்? மறுபடியும் செவன் லெஸ்.

“எத்தனை இடம் சார்?”

“இருநூறுக்கு மேல. எண்ணறதை விட்டுட்டேன்.”

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “நீங்க சிரமப்படாதீங்க சார். நான் உக்காந்து சேர்த்துடறேன்.”

அவர் லேசாகச் சிரித்தார். “பாத்தீங்களா... மறுபடியும்.”

பிறகு கேட்டார். “தனிக் கிளை வேணும்னு நான் கேட்டேனா சார்?”

“இல்லை.”

“முதல் மாசம் யாரும் ஒரு தப்பும் சொல்லலை. பரவாயில்லையே, நல்லா எழுதறோம் போலன்னு நினைச்சேன். மூணாவது மாசம்தான் உறைச்சுது. யாரும் படிக்கவே இல்லை.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“மரியாதை பண்றவங்ககிட்ட என்னன்னு போய்ச் சண்டை போடறது?”

மனிதர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்து வைக்கிற ஆள் நான். இதைச் சேர்த்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாண வீட்டில் ஒருவருக்கு ஃபேன் பக்கத்தில் நாற்காலி போட்டு, “நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்கிறோம். அப்புறம் பந்தி முடிகிற வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறோமா? அந்த நாற்காலி யாருடைய சவுகரியத்துக்கு?

“மூணு நாள் சட்டம் எனக்கும்தான்” என்றார் சேவியர் சார். “தப்பு இருந்தா எல்லாரும் பாக்கற இடத்துல, ஷபானாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. என் பசங்க இன்னும் ‘கி புள்ளி மு புள்ளி’ன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அங்கேர்ந்து புதுசா ஆரம்பிக்கறேன்.”

“அப்ப இந்த எட்டு மாச வேலை?”

“பாதி வேற ஒருத்தர் பேர்ல உள்ள போயிடுச்சு. மீதிய பிரிக்கணும்னா உங்க கண்ணு வேணும். வேணாம் சார்.”

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான். ஒரு வரி டைப் செய்து என்டரைத் தட்டினார். “டெலீட்டட் பிராஞ்ச்...” என்று கம்ப்யூட்டர் தொடங்கியபோது அடுத்த விமானம் வந்துவிட்டது. அது கடந்து போகும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அதே வரியை முதலிலிருந்து வாசிக்க வைத்து, முழுசாகக் கேட்டார்.