சரியான கள்ளி

போன வருடம் ஆடி மாதம், மகளின் பள்ளிக்கூட விடுமுறையில், நாங்கள் மூன்று பேரும் மொன்றியலில் இருந்து ஜப்பானுக்குப் போனோம். ஊருக்கும் ரொறொன்ரோ கலியாணவீடுகளுக்கும் தவிர வேறெங்கும் போய் அறியாத குடும்பம் எங்களுடையது. மகளுக்குப் பதினாறு வயது, ஜப்பான் என்றால் உயிர். நல்ல புள்ளி எடுத்தால் கூட்டிப்போகிறேன் என்று என் கணவர் வாயை விட்டார். அவளும் எடுத்துவிட்டாள். திரும்பி வந்தபிறகு செயின்ட்-மிஷேலில் எங்கள் கட்டடத்துச் சனம் எல்லாம் பயணம் எப்படி என்று விசாரித்தார்கள். ரயில் நேரத்துக்கு வரும், தெருவில் ஒரு கடதாசித் துண்டு கிடையாது என்று எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினேன். இப்போது எழுதப்போவதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகளுக்குத் தமிழ் முழுக்க விளங்கும், ஆனால் பதில் பிரெஞ்சில்தான் வரும். அம்மாவும் அப்பாவும் அங்கே ஊமைகளாக நிற்கக்கூடாது என்று தன் போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியை ஏற்றி வைத்திருந்தாள். நாங்கள் தமிழில் கதைத்தால் அது ஜப்பானிய மொழியில் சொல்லும், அவர்கள் கதைத்தால் தமிழில் சொல்லும். பேச்சுக்குத்தான் அப்படி. யாழ்ப்பாணத் தமிழ் அதற்குப் பிடிபடவேயில்லை. முதல்நாள் சாப்பாட்டுக்கடையில் மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்க, நான் எங்கள் வழக்கப்படி ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றேன். அது மந்திரம் என்று எடுத்துக்கொண்டு என்னத்தைச் சொல்லிக்கொடுத்ததோ, பரிமாற வந்த பெண் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ரீவியில் செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைத்தால்தான் அதற்கு விளங்கும் என்று மகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஆறாம் நாள் ஒரு மலையடிவாரத்தில் சின்ன விடுதி ஒன்றுக்குப் போனோம். விடுதி என்ன விடுதி, வீடுதான். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி தனியாக நடத்தினார். வெந்நீர் ஊற்றில் குளிப்பதுதான் அந்த இடத்தின் விசேஷம். நகை நட்டு ஒன்றும் போட்டுக்கொண்டு இறங்கக்கூடாது என்று கழுத்தையும் கையையும் தொட்டுக் காட்டினார். நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா தன் கழுத்தில் இருந்து கழற்றி எனக்குப் போட்ட சங்கிலியை நான் லேசில் கழற்றுவதில்லை. அன்றைக்குக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் சங்கிலியைக் காணவில்லை.

அறைக்கு இருந்தது ஒரு தள்ளுக் கதவு, கடதாசி ஒட்டியது. பூட்டு இல்லை. நாங்கள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பெண்மணி வந்து படுக்கைகளை விரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. என் கணவர் பெட்டியைக் கொட்டித் தேடினார், மகள் படுக்கைகளை உதறினாள். நான் நடுவில் நின்று நெருப்பாய் எரிந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் தேநீர்த் தட்டோடு சிரித்த முகமாக உள்ளே வந்தார். மகளின் போன் மேசையில் கிடந்தது. இது என்ன தேநீர் என்று கேட்பதற்காக அவள் செயலியைத் திறந்தும் வைத்திருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை. தமிழில் சொல்வது நாலு சுவருக்குள் சொல்வது மாதிரி என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. மொன்றியல் மெட்ரோவில் எதிரே இருப்பவரின் தொப்பியில் இருந்து சப்பாத்து வரைக்கும் தமிழில் பிரித்து மேய்ந்து பழகிய வாய். கணவரைப் பார்த்துச் சொன்னேன்.

"உவதான் எடுத்தவ. சரியான கள்ளி. சிரிப்பைப் பாருங்கோ."

மேசையில் இருந்த போன் பேசத் தொடங்கியது. அந்தப் பெண்மணி தலையைச் சரித்துக் கேட்டார், குனிந்து திரையை வாசித்தார், கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார், பிறகு கிடுகிடுவென்று வெளியே போய்விட்டார். பொலிசைக் கூப்பிடப் போகிறா என்று இவர் முணுமுணுத்தார். கூப்பிடட்டும், அதுதான் எனக்கும் வேணும் என்று நான் வீறாப்பாக இருந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் உதடு உடைந்த ஒரு தேநீர்க் கிண்ணம் இருந்தது. அதற்குள் விரல் நீளத்தில் முள்ளு முள்ளாக ஒரு கள்ளிச்செடி. அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து எனக்கு முன்னால் வைத்து, மகிழ்ச்சியாக நீளமாக ஏதோ சொன்னார். போன் அதைச் செய்தித் தமிழில் வாசித்தது.

"இந்தக் கள்ளி என் மகளுடையது. அவள் தூர நகரத்தில் இருக்கிறாள். இதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் பார்க்க விரும்பியது எனக்கு மகிழ்ச்சி."

மகள் போனை எடுத்து மேலே தள்ளி, அது சொன்னதைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தாள். காது வரைக்கும் சிவந்துவிட்டாள். செயலி 'உவ'வையும் 'எடுத்தவ'வையும் விழுங்கிவிட்டு, "அசல் கள்ளிச்செடி. அதைச் சிரித்தபடி பார்க்க வேண்டும்" என்று சொல்லியிருந்தது. விரும்பினால் கொண்டுபோங்கள் என்று அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். செடிகொடிகளைக் கனடாவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று மகள் விளங்கப்படுத்தினாள். அப்படியானால் உங்களுக்காக நான் வளர்க்கிறேன் என்றார் அவர். அப்போதும் என் புத்தி தெளியவில்லை. நல்லாத்தான் நடிக்கிறா என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பின்னேரம் ஆறு மணிக்கு அறைக்கே சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். மீன், சோறு, சூப். இவருக்குத் தூள் போடாமல் ஒன்றும் தொண்டைக்குள் இறங்காது. எங்கே போனாலும் ஒரு ஜாம் போத்தல் நிறைய மிளகாய்த்தூள் எங்களோடு பயணம் செய்யும். போத்தலைச் சோற்றுக்கு மேலே கவிழ்த்துத் தட்டினார். சிவந்துபோன ஒரு ரிசுக் கடதாசித் துண்டு பொத்தென்று சோற்றில் விழுந்தது. அதற்குள் என் சங்கிலி.

பார்த்த அந்த நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. குளிக்கப் போகும் வழியில் பூட்டில்லாத கதவு மனதை உறுத்த, திரும்பி வந்து, கைப்பையில் இருந்து எடுத்துச் சுற்றித் தூளுக்குள் புதைத்தது நானேதான். கள்ளன் தூளுக்குள் கைவிடமாட்டான் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் பழைய கணக்கு. அரைமணி நேரம் கொதிதண்ணீருக்குள் இருந்து தலைசுற்றி வந்தவளுக்குக் கைப்பை மட்டும்தான் நினைவில் இருந்திருக்கிறது.

இவர் சங்கிலியைக் கழுவக் கொண்டுபோனார். மகள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் அவவிட்ட மன்னிப்புக் கேக்கோணும்."

"அவவுக்குத்தான் ஒண்டும் விளங்கேல்லையே. பிறகேன் கிளறுவான்?"

"விளங்கேல்லை எண்டாக் கேக்கத் தேவையில்லையோ?"

அவள் எதை நினைத்துக்கொண்டு கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வயோதிபர்களை வீட்டில் பராமரிக்கும் வேலை செய்பவள். சில வருடங்களுக்கு முன் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மோதிரம் ஒன்று காணாமல் போனது. அவரின் மகள் என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுபவர். அன்று எனக்கு முன்னாலேயே தன் கணவரிடம் பிரெஞ்சில், இவள்தான் எடுத்திருப்பாள் என்றார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்ற எண்ணம். பதினொரு மாதம் பிரெஞ்சு வகுப்பில் குந்தியிருந்து எழும்பியவள் நான். ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. அன்று மெட்ரோவில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். மோதிரம் அடுத்த கிழமை ஒரு குளிர் கையுறையின் விரலுக்குள் கிடந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு சொக்லேட் பெட்டி தந்தார். அந்தப் பெட்டியை மகளுக்கு முன்னால் குப்பையில் போட்டு, அந்த மனுசியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த நாள் காலை வெளிக்கிடும்போது, பெட்டியில் இருந்த மேப்பிள் இனிப்புப் பாணிப் போத்தலை எடுத்து அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தேன். கொடுத்தபிறகுதான் எனக்கு அந்தச் சொக்லேட் பெட்டி நினைவுக்கு வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் போனை வாங்கி, செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி, "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். செயலி இந்த முறை பிழை விடவில்லை. ஆனால் அந்த நாட்டில் வழி விடுவதற்கும் மன்னிப்பு, நன்றி சொல்வதற்கும் மன்னிப்பு. அவர் என்னைவிடத் தாழக் குனிந்து, அறை சிறியது, படி செங்குத்து, நீங்கள்தான் மன்னிக்க வேண்டும் என்றார். ஏன் கேட்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உங்களை நான் கள்ளி என்று சொன்னேன் என்ற ஒரு வசனம், அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பேருந்தில் வேறு இருக்கையில் போய் இருந்தாள்.

அந்தப் பெண்மணி மகளோடு இன்னும் தொடர்பில் இருக்கிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்புவார். மகள் அவர் எழுதியதைத் தமிழாக்கி, தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காமல் எனக்கு அனுப்பிவிடுவாள். போன கிழமை உச்சியில் சின்னதாக ஒரு சிவப்புப் பூவோடு படம் வந்தது. கீழே, "உங்கள் கள்ளி நலமாக இருக்கிறது" என்று இருந்தது. மெட்ரோவில் நின்றபடி வாசித்தேன். என்னை விசாரித்து எழுதியது போலவே இருந்தது. அவருக்குப் பதில் எழுத இன்னும் எனக்கு முகமில்லை.