என் பெயருக்கு ஒரு பிரம்பு

வெள்ளைக்காரன் காலம். திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தேன். வகுப்புக்குப் போகும் முன், வருஷம் முழுக்க எப்படி நடந்துகொள்வோம் என்று எழுதித் தலைமையாசிரியருக்குக் கொடுக்க வேண்டும். தாளை வாங்க வந்தவர் பியூன். தோளில் குறுக்காக டவாலிப் பட்டை, சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை; அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பேர்.

"படிங்க சார், கேப்போம்" என்றார்.

"முதலாவது, பிரம்பைத் தொடமாட்டேன்."

"நல்லதுங்க. உங்க பேருக்கு ஒண்ணு எடுத்து வெச்சிர்றேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் கேட்டு வரமாட்டேன், பாருங்க!"

பதினோராம் நாள், நாற்பது பையன்கள் ஒரே குரலில் தவளை மாதிரி கத்தினார்கள். நேரே அவரிடம் ஓடினேன்.

"எங்கய்யா என் பிரம்பு?"

"இந்த இஸ்கூல்ல பிரம்பே கிடையாதுங்க" என்று மல்லாட்டையை உடைத்தார். "வருசா வருசம் சும்மா சொல்லிக்கினு இருக்கேன். போன வருசத்து சாரு தீபாவளி வரைக்கும் தாங்கினாரு."

வருஷக் கடைசியில் தலைமையாசிரியர், 'பிரம்பை நாடாத பொறுமைசாலி' என்று எனக்கு நற்சான்று எழுதினார். அதைக் கொண்டுவந்து நீட்டியவரும் பியூன்தான். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. அந்த அடக்கம்தான் எனக்கு இன்றுவரை கைவரவில்லை.