தடவைக்கு ரெண்டரை கெஜம்

டெக்சஸில் நான் வேலை பார்த்த டெலிபோன் கம்பெனியில், வசந்த காலத்துச் சனிக்கிழமைகளில் டிபார்ட்மென்டுகளுக்குள் ஃபுட்பால் போட்டி நடக்கும். அமெரிக்க ஃபுட்பால்தான், ஆனால் மேலே விழுந்து அமுக்குவது கிடையாது. எல்லாரும் இடுப்பில் இரண்டு ரிப்பன் கட்டிக்கொள்ள வேண்டும். பந்தோடு ஓடுகிறவனின் ரிப்பனை யாராவது உருவிவிட்டால் அவன் அங்கேயே நின்றுவிட வேண்டும். எலும்புக்குச் சேதமில்லை என்றுதான் பேர் கொடுத்தேன். தாளில் முதல் கையெழுத்து என்னுடையது என்பதால் கேப்டனும் நானே ஆனேன்.

எங்கள் டெஸ்டிங் டீமில் ஏழு பேர். ஐந்து பேர் தமிழர்கள், ஒருவர் ஹைதராபாத்காரர், ஒருவர் முழங்கால் ஆபரேஷன் முடிந்த அமெரிக்கர். இரண்டு வருஷத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மழையால் நின்றுபோன ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசிக்கொள்வோம். டிவியில் பார்த்த மாதிரி பந்தை நீளமாக எறிய வேண்டும் என்று எனக்கு ஆசை. எறிவது நான், பிடிப்பது எதிராளி.

மூன்றாவது வருஷம் எங்கள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆபீசுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத டெக்சஸ்காரர். டீமை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டு என்றார். கடைசியாக வந்த டீமுக்குத்தான் புது ஆளை முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை, பெரிய லீக்கிலும் அப்படித்தான் என்றார். கடைசி ரேங்க்காரனுக்கு முதல் சீட் கொடுக்கிற தேசம் என்று தெரிந்ததும் எனக்கு அமெரிக்காவின் மேல் தனி மரியாதை வந்தது.

அந்த மாதம் கம்பெனியில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். ஒருவன் காலேஜில் ஃபுட்பால் ஆடிய ஒல்லிப் பையன். இன்னொருவர் திருச்செங்கோட்டுக்காரர். ஆறடி மூன்றங்குலம். அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படிக்கட்டுக்குப் போவார்கள். நான் யோசிக்கவே இல்லை, திருச்செங்கோட்டை எடுத்தேன்.

முதல் பயிற்சியில் பந்தை அவரிடம் எறிந்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது.

"சாரிங்க," என்றார், பந்தைப் பார்த்து.

மைதான ஓரத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஐந்தடிகூட இருக்க மாட்டார், கணக்கில் எம்.எஸ்ஸி. கணவரின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போகக் கூடாது. டிரைவிங் தெரியாது. பகல் முழுக்க அபார்ட்மென்டில் அவரும் டிவியும்தான். பழைய ஃபுட்பால் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போடுகிற ஒரு சேனலைக் கண்டுபிடித்து, பார்த்ததையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்திருந்தார். இது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷத்தின் முதல் ஆட்டத்தையும் தோற்றோம். மறுநாள் அவர்கள் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அரிசிபருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றிவிட்டு அந்தப் பெண் சொன்னார்:

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இனி நீங்க பந்து எறிய வேண்டாமுங்க."

"அப்புறம் நான் என்ன பண்றது?"

"முன்னாடி ஒருத்தர் குனிஞ்சு, பந்தைக் காலுக்கு நடுவால பின்னாடி குடுப்பாரில்லீங்களா, அதைப் பண்ணுங்க. குடுத்துட்டு அங்கயே நின்னுக்குங்க. ஓட வேண்டாம்."

கணவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் நெய் விடட்டுங்களா?" என்றார் அந்தப் பெண். ஒரு கேப்டனை இதைவிட மரியாதையாக யாராலும் இறக்க முடியாது. விடச் சொன்னேன்.

பிறகு நோட்டைக் கொண்டுவந்தார். "பத்து கெஜம் போறதுக்கு நாலு தடவை தர்றாங்க. தடவைக்கு ரெண்டரை கெஜம் போனாப் போதுமுங்களே. எல்லாரும் எதுக்கு வானத்தைப் பாக்கறீங்க?"

இரண்டு வருஷமாக ஏழு இன்ஜினியர்கள் போடாத வகுத்தல் கணக்கு அது.

அதற்கப்புறம் எங்களிடம் ஒரே ஒரு வித்தைதான். நான் குனிந்து பந்தைப் பின்னால் கொடுப்பேன். ஹைதராபாத்காரர் அதை வாங்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். இருவரும் தேர் நகர்கிற மாதிரி மெதுவாக முன்னால் நடப்பார்கள். ரிப்பனைத் தேடி எதிராளி இந்தப் பக்கம் வந்தால் ஹைதராபாத் அந்தப் பக்கம் போய்விடும். வழியில் நின்றவர்களிடமெல்லாம் திருச்செங்கோட்டுக்காரர் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிக்கொண்டே போவார். சிலர் நிஜமாகவே விலகி வழிவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தோம். முழங்கால் அமெரிக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கடுத்ததையும் ஜெயித்தோம். போட்டோகாப்பி மெஷின் பக்கத்தில் மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் எங்களைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஃபைனலுக்கே போய்விட்டோம்.

ஃபைனலில் எதிரே மேலதிகாரிகள் டீம். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் ஆறு ஆறு பாயின்ட். அவர்கள் எறிந்த பந்து அவர்கள் பக்கம் ஆடிய எங்கள் டைரக்டர் கையில் போய் உட்கார்ந்தது. தொந்தியும் மூச்சிரைப்புமாக அவர் ஓட ஆரம்பித்தார். எங்களில் நான்கு பேருடைய கிரீன் கார்டு பேப்பர்கள் அவர் மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தன.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நான் ஓடினேன். மஞ்சள் ரிப்பன் என் கைக்கு முன்னால் ஆடியது. இந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையோடு போகிற மாதிரி மூன்று பேரும் கூடவே ஓடினோம்.

"உருவுங்ணா," என்று ஓரத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "இடுப்புல இருக்குதுங்ணா."

இருந்தது, எனக்கும் தெரிந்தது. டைரக்டர் எல்லைக்கோட்டைத் தாண்டிக் குனிந்து மூச்சு வாங்கினார். "நல்லா ஓடினீங்க," என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

தோற்றுவிட்டு மரத்தடியில் எலுமிச்சை சாதம் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பெண் கோபமாகத்தான் வந்தார். பேப்பர் விஷயத்தை விளக்கினேன்.

"அப்ப அவரு கையெழுத்துப் போட்டுருவாருங்களா?"

"போட்டுடுவார்ம்மா."

"எங்க வீட்டுக்காரர் பேப்பரும் அவருகிட்டத்தான் வருமுங்களா?"

"அடுத்த வருஷம் வரும்."

டப்பாவை மூடி, ஒரு தட்டு நிறைய எலுமிச்சை சாதமும் அப்பளமும் எடுத்து வைத்தார். "ஏனுங்க, இதை அவருகிட்டக் குடுத்துட்டு வாங்க," என்றார். திருச்செங்கோட்டுக்காரர் இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு, வழியில் நின்றவர்களிடம் எக்ஸ்கியூஸ் மீ சொல்லியபடி, மைதானத்தைக் கடந்து போனார். டைரக்டர் அப்பளத்தைத்தான் முதலில் கடித்தார்.