கை ஓங்கிக் குதிரை பார்த்தவர்

சென்ற வாரம் அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் திருச்சிக்கு வந்த காதர் பாய், எங்கள் பத்திரிகை ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார். அரியலூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பெரிய பண்ணை அம்மா மவுத்தாயிட்டாங்க சார். நேத்து மத்தியானம், ஆஸ்பத்திரியில."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார். "குதிரை கடிச்சுத்தான் செத்தாங்கன்னு டவுன் பூரா பேச்சு. அதைச் சுடணும்னு அவங்க கொழுந்தனாரு சின்னப் பண்ணை துப்பாக்கியத் தூக்கிட்டாரு. நீங்க எழுதுங்க சார். பேப்பர்ல வந்தா நம்புவாங்க."

செங்கமலம் அம்மாள் இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அன்றே அரியலூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். லாயக் கதவின் துருப்பிடித்த ஆணி குதிகாலில் ஏறியிருக்கிறது. அதனால் வந்த ரணஜன்னி, டாக்டர் பாஷையில் டெட்டனஸ், உயிரைக் கொண்டுபோயிற்று. குதிரைப் பல் பட்ட காயம் உடம்பில் எங்கும் இல்லை என்று டாக்டர் சொன்னார். முதலில் இதைப் பதிவு செய்துவிடுகிறேன். மற்றவற்றை, அம்மாளை அறியாதவர்களுக்காக நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நான் அவரை முதலில் சந்தித்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன், பஸ்கள் கரியை எரித்த வாயுவில் ஓடின. மிராசுதார்கள் மறுபடியும் குதிரைகளை நாடினார்கள். கோடையில் கீழப்பழுவூர்ப் பக்கத்தில் வற்றிய ஏரிக்குள் இரண்டு வயதுக் குட்டிகளுக்கென்று ஒரு பந்தயம் விட்டார்கள். அதற்குக் கன்னி ஓட்டம் என்று பெயர். அதுவரை ஒரு பந்தயமும் ஓடாத குட்டிகளுக்கு மட்டுமே அதில் இடம். எந்தக் குட்டி எப்படி என்று முன்கூட்டி எழுதும்படி ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார். சென்னைப் பந்தயங்களைப் பற்றி எழுதிப் பழகியவன் நான். அங்கே பழைய ஓட்டங்களைப் பார்த்துக் கணிக்கலாம். ஒரு தடவைகூட ஓடாத குட்டியைப் பற்றி என்ன எழுதுவது? ஒவ்வொரு சொந்தக்காரரும் தம்முடையதுதான் ஜெயிக்கும் என்றார். காதர் பாய்தான், "பெரிய பண்ணை அம்மாவைக் கேளுங்க" என்றார்.

அம்மாள் அப்போது விதவையாகி ஓராண்டுகூட ஆகவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஓட்டத்துக்கு முந்தின நாள் காலை, குட்டிகளைக் கட்டியிருந்த புளியந்தோப்புக்கு என்னை அழைத்துப் போனார். குட்டிகளின் பல்லையோ காலையோ அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு குட்டியின் எதிரிலும் நின்று, அடிக்கப் போகிறவர் போல வலது கையை ஓங்கினார். அவ்வளவுதான்.

குரும்பலூர்ச் செவலை தலையைத் தாழ்த்தி, கயிறு விறைக்கும்வரை பின்னுக்குப் போயிற்று.

"இதைக் கட்டிப்போட்டு அடிச்சிருக்காங்க. ஓடுறப்பவும் கட்டியிருக்கிறதாத்தான் நெனைக்கும். பாதியில நின்னுடும்."

உடையார்பாளையத்து வெள்ளைக்கால் குட்டி பக்கவாட்டில் துள்ளியது. "இது ஒதுங்கும். வளைவுல கரையேறிப் போயிடும். அந்தப் பக்கம் யாரையும் நிக்க வேணாம்னு சொல்லுங்க."

சாம்பல் நிறக் குட்டி ஓங்கிய கையை முகர்ந்து பார்த்தது. அம்மாள் சிரித்துவிட்டார். "வெல்லம் கொண்டாந்திருக்கேன்னு பாக்குது. அடின்னா என்னன்னு இன்னும் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லா ஓடும்."

அடுத்தது அவருடைய கொழுந்தனாரின் கறுப்புக் குட்டி. ஊரில் அவரைச் சின்னப் பண்ணை என்பார்கள். அந்தக் குட்டி நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கியபடி நின்றது.

"இது பழகிப்போச்சு. அடிச்சுக்கிட்டே இருந்தா ஓடும். அடி நின்னா இதுவும் நின்னுடும்" என்றார். பிறகு சொன்னார்: "நானும் இப்படித்தான் நிப்பேன்."

கடைசியாக அவருடைய சொந்தப் பெண்குட்டி, பாப்பா. அதன் எதிரில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"ஓங்கினா இது முன்னால வரும் சார்."

அம்மாளின் கணவர் பெரிய பண்ணை இறந்தது அப்படித்தான். லாயத்தில் சவுக்கை ஓங்கியிருக்கிறார். குட்டி முன்னால் பாய்ந்து அவரைச் சுவரோடு மோதி மிதித்துவிட்டது. தூக்கியபோது வாயில் ரத்தம் வந்ததாம். இதைச் சொல்லும்போது அம்மாளின் குரல் மாறவில்லை.

"அவரு அடிச்சதுல பாதி எனக்கு, பாதி அதுக்கு. நான் அசையாம நின்னேன். அது முன்னால வந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்."

ஆளைக் கொன்ற குதிரையைச் சுட வேண்டும் என்று சின்னப் பண்ணை நின்றார். அம்மாள் குறுக்கே நின்றார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு பேச்சு முடிவாயிற்று: கன்னி ஓட்டத்தில் பாப்பா கறுப்புக்கு முந்தி வந்தால் உயிரோடு இருக்கலாம்; பிந்தி வந்தால் அந்த இடத்திலேயே சுட்டுவிடலாம்.

பக்கத்தில் ஓங்கும் கை தெரியாமலிருக்க, பாப்பாவுக்கு ஜட்காக் குதிரையின் கண்பட்டையைக் கட்டியிருந்தார்கள். ஏறியவர் காதர் பாய். புறப்படும் கோட்டில் சின்னப் பண்ணை வந்து நின்றார்.

"அவுத்துப் போடுடா அதை. இதென்ன ஜட்காவா?"

"ஏறுறவன் ஜட்காக்காரன்தானே எசமான்" என்றார் காதர் பாய்.

கூட்டம் சிரித்தது. சின்னப் பண்ணை தம் கையாலேயே கண்பட்டையைப் பிடுங்கி எறிந்தார். அம்மாள் கரைமேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டம் தொடங்கியதும் சவுக்குகள் இறங்கின. பாதி வழியில் செவலை நான்கு காலையும் ஊன்றி நின்றது. ஏறியவன் அதன் தலைக்கு மேலாகப் போய் விழுந்தான், தோள்பட்டை உடைந்தது. வெள்ளைக்கால் குட்டி வளைவில் கரையேறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், கேட்டவர்கள் இல்லை. ஒரு முறுக்கு வியாபாரியின் கால் நசுங்கியது. சாம்பல் குட்டி எல்லாருக்கும் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் கறுப்பும் பாப்பாவும் ஜோடியாக வந்தன. கறுப்பின் விலாவில் ரத்தம் வழிந்தது. அதன்மேல் இருந்தவன் தன் குதிரையை அடித்தது போதாமல் காதர் பாயின் கழுத்திலும் ஒன்று வைத்தான். அடுத்த அடிக்குக் கையை ஓங்கினான். பாப்பா திரும்பி அந்தக் கையை முழங்கைக்குக் கீழே கவ்வியது. எலும்பு முறிந்த சத்தம் கரைவரை கேட்டது. அவனை இழுத்துக் கீழே போட்டுவிட்டு அது முன்னே வந்தது.

அடி நின்றதும் கறுப்பு நின்றுவிட்டது. ஏரியின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே நின்றது.

சாம்பல் ஜெயித்தது. காதர் பாய் கழுத்தைப் பிடித்தபடி, பாப்பாவை நடையில் கொண்டுவந்து கோட்டைத் தாண்டினார்.

சின்னப் பண்ணை துப்பாக்கியை எடுத்துவர ஆளனுப்பிவிட்டு, கையில் சவுக்கோடு வந்தார்.

"பேச்சு ஓடுறதுக்குத்தான் அண்ணி. கடிக்கிறதுக்கு இல்ல. கொலைகாரக் கழுதையைச் சுடத்தான் போறேன்."

"முந்தியா பிந்தியான்னுதானே தம்பி பேச்சு? உங்க குட்டி இன்னும் வரவே இல்லையே. வரட்டும், காத்திருக்கேன்."

ஏரிக்குள் நின்ற கறுப்பைப் பார்த்து நூறு பேர் சிரித்தார்கள். சின்னப் பண்ணையின் சவுக்கு அம்மாளின் கன்னத்தில் விழுந்தது. சிரிப்பு நின்றது. அம்மாள் ஓர் அடி முன்னால் வைத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி முன்னால் வந்தார். வீசுவதற்கு இடமில்லாத அளவுக்கு நெருங்கியதும் சவுக்கைப் பறித்து, அதன் கட்டைப் பிடியால் அவர் வாயில் அடித்தார். சின்னப் பண்ணை பல்லைத் துப்பிக்கொண்டு முழங்காலிட்டார். அதற்கு மேலும் அம்மாள் அடித்தார். அவ்வளவு அடித்திருக்க வேண்டியதில்லை என்று அங்கே நின்ற பலர் பிற்பாடு சொன்னார்கள். அப்போது ஒருவரும் தடுக்கவில்லை. கை ஓய்ந்தபோது அவரே நிறுத்தினார்.

துப்பாக்கி வந்து சேர்ந்தபோது அதைத் தூக்குகிற நிலையில் சின்னப் பண்ணை இல்லை. கறுப்பு வரவில்லை, ஆகவே பாப்பா முந்தியது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அம்மாள் என்னிடம் வந்தார். கன்னம் பிளந்து ரவிக்கையில் ரத்தம் சொட்டியது.

"என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததை அம்மா."

"நான் அடிச்சதையும் விடாம எழுதுங்க. இல்லாட்டி மீதிய நம்ப மாட்டாங்க."

அப்படியே எழுதினேன். இன்றும் அப்படியேதான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் குட்டி வைத்திருப்பவர்கள் அம்மாளை வரவழைத்தார்கள். அவர் போவார், கையை ஓங்குவார், பார்த்ததைச் சொந்தக்காரரின் முகத்துக்கு நேரே சொல்வார். திருமழபாடியில் ஒரு பெரிய மனிதரிடம், "குட்டி நல்ல குட்டிதாங்க. உங்க வூட்டுப் பொம்பளைங்களையும் ஒரு தடவை பாக்கணும், கூப்பிடுங்க" என்றார். அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. அதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆணி ஏறிய காயத்தை அவர் பொருட்படுத்தவில்லை. தாடை இறுகத் தொடங்கியதும் டாக்டரையும் மணியக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாப்பாவைக் காதர் பாய்க்குக் கொடுத்துவிட்டதாக வாய்மொழியாகச் சொன்னார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு உடம்பு வில்லாக வளைந்து, விடிய விடிய முறுக்கி, மத்தியானம் அடங்கியது. இந்தக் கொடை செல்லாது, குதிரை குடும்பச் சொத்து என்கிறார் சின்னப் பண்ணை. பாப்பாவை ஊர் ஊராகத் தேடுகிறார்.

செய்தி எழுதும் இத்தனை வருஷத்தில் இடத்தைக் குறிப்பிடாமல் நான் எதையும் எழுதியதில்லை. இதில் மட்டும் எழுதப் போவதில்லை. நேற்று நான் போன இடத்தில் தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, வேலி இல்லை. பாப்பா வயிறு தொங்க நிற்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஈன்றுவிடும் என்றார் காதர் பாய். ஒரு கைப்பிடி தீனி நீட்டினேன். தின்றுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

பத்திரமாக இருக்கிறது அம்மா. போய் வாருங்கள்.