பாயசம் ஓடிய பந்தி

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒரு பாயசம் என் கண் முன்னால் நகர்ந்து போனது.

மாப்பிள்ளையின் சித்தப்பாவுடைய இலையில் ஊற்றிய பால்பாயசம். போளியின் மேல் ஒரு விநாடி நின்றது... யோசித்தது... பிறகு நிதானமாகப் பக்கத்து இலைக்குப் புறப்பட்டது. பக்கத்து இலைக்காரருக்குச் சர்க்கரை வியாதி. அவர் அதைத் தடுக்கவே இல்லை!

நீங்கள் சிரிக்கலாம். என்னால் முடியவில்லை. ஏனென்றால் அது எங்கள் ஹால். எங்கள் ஹாலின் முதல் விசேஷம்.

ஹால் என்று இப்போது பெருமையாகச் சொல்கிறேன். போன வருஷம் வரை அது மாட்டுத் தொழுவம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பசுவோடு திருவனந்தபுரத்து நேமத்துக்கு வந்தவர் என் அப்பா. அம்மா கறப்பார், அப்பா சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றுவார். காலையில் ஸ்ரீவராகம் தெருக்கள், அப்புறம் தம்பானூர் டீக்கடைகள். ஒன்று நாலாகி, நாலு பதினெட்டாகி, நீளமான ஒரு ஷெட் எழுந்தது. அந்தப் பாலில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். பி.காம் வரை போய்விட்டேன்!

பிறகு சுற்றிலும் வீடுகள் வந்தன. சாணி வாசனை பிடிக்கவில்லை என்றார்கள். வைக்கோல் லாரி வருவது குறைந்தது. அப்பாவின் முழங்கால் சைக்கிளை வெறுத்தது. மாடுகள் இரண்டிரண்டாக வெளியேறின. காலி ஷெட்டை ஒரு மழை நாளில் பக்கத்து வீட்டுக்காரர் மகளின் பிறந்தநாளுக்குக் கேட்டார். பலூன் கட்டிய ஷெட்டைப் பார்த்த நிமிஷமே எனக்குப் பொறி தட்டியது – இதை விசேஷ ஹாலாக்கினால் என்ன?

அப்பா உடனே தலையாட்டவில்லை. பிளாட் கட்டுகிற ஒருவர் நிலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மக்ளே, ஒரு விசேஷம் நடத்திப் பாப்போம். நல்லா நடந்தா ஹாலு. இல்லேன்னா அந்த ஆளுகிட்ட கொடுத்துட்டு நிம்மதியா இருப்போம், கேட்டியா?"

ஒரே ஒரு விசேஷம்! நான் டேப்பைக் கையில் எடுத்தேன். நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், எத்தனை நாற்காலி, எத்தனை மேஜை என்று படம் வரைந்தேன். பழைய சிமெண்டின் மேல் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் பாலையே வாங்கிக்கொண்டிருந்த மாமி, மகளின் நிச்சயதார்த்தத்தை இங்கேயே நடத்துவதாகச் சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன்.

எல்லாம் அளந்தவன் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. மாடு நிற்கும் தரை சரிவாகத்தான் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டால் எல்லாம் ஓரத்து வடிகாலில் போய் விழ வேண்டுமே! அந்தச் சரிவு நின்றால் தெரியாது, நடந்தால் தெரியாது. திரவத்துக்குத்தான் தெரியும்.

சாம்பாரைச் சோறு அணை கட்டி நிறுத்தியது. ரசம் லேசாக நழுவியபோது பரிமாறுகிறவரை முறைத்தேன். பாயசம் வந்தது... மானம் போனது.

"ஏண்டா, என்னடா இது? பாயசம் பாட்டுக்கு ஓடறதே! சம்பந்தி ஆத்துக்காரா என்ன நெனச்சுப்பா?" மாமியின் முகம் சிவந்துவிட்டது.

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, தரை சரிஞ்சு கெடக்கு!"

"ஆமா. நான் போட்ட சரிவுதான?"

"தெரிஞ்சுமா சொல்லல?"

அப்பா என்னை வினோதமாகப் பார்த்தார். "நீ படிச்சவன்லா? டேப்பெல்லாம் வச்சு அளந்தியே. என்னமோ கணக்கோடதான் செய்யுகான்னு நெனச்சேன்."

பேசிக்கொண்டே மூலைக்குப் போய் ஒரு சாக்கை இழுத்து வந்தார். உள்ளே பலகைத் துண்டுகள். சரிந்த தரையில் பால் கேன் நேராக நிற்க அடியில் கொடுக்கிற அதே துண்டுகள்! காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார்.

"எல்லாரும் ஒண்ணு எந்திச்சு மேசையப் பிடிங்க! இலை அசையப்பிடாது!" என்று அப்பா குரல் கொடுத்தார்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வேன்! பட்டுவேட்டிகளும் பட்டுப்புடவைகளும் ஒரே நேரத்தில் எழுந்து மேஜைகளைத் தூக்கின. ஒரு கையில் பாயசம் ஒட்டிய சித்தப்பா, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று எண்ணினார். அப்பாவும் நானும் தவழ்ந்து தவழ்ந்து பள்ளத்துப் பக்கக் கால்களுக்குக் கட்டை கொடுத்தோம். கல்யாணப் பெண் ஓடி வந்து ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் யார் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளைதான்! அதுவரை வெட்கத்தில் பேசாமலிருந்த இரண்டு பேரும் முதன்முதலாகப் பேசினார்கள். "உன் பக்கம் கொஞ்சம் இறக்கு" என்று.

இரண்டாம் முறை ஊற்றிய பாயசம், ஊற்றிய இடத்தில் நின்றது. ஹாலே கை தட்டியது! சர்க்கரை வியாதிக்காரர் மட்டும் சோகமாக இருந்தார்.

கிளம்பும்போது மாமி, "கல்யாணமும் இங்கேதான்டா. ஆனா அந்தக் கட்டையெல்லாம் முன்னாடியே வெச்சுடு" என்றார். சாயந்திரம் பிளாட்காரர் போன் செய்தபோது அப்பா, "இல்ல சாரே, ஹாலுக்கு அடுத்த புக்கிங் வந்தாச்சு" என்றார். 'நல்லா நடந்தா' என்ற நிபந்தனை இல்லாமல் அப்பா அதை 'ஹால்' என்று சொன்னது அன்றுதான்!

வீட்டில் முதலில் படித்தவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவனை யாரும் திருத்துவதில்லை. தவறு செய்தால்கூட அதில் ஏதோ பெரிய அர்த்தம் இருக்கும் என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த மரியாதையில் நான் எத்தனை நாள் குளிர்காய்ந்திருக்கிறேன்! அன்று அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன் – தப்பென்று பட்டால் உடனே சொல்லிவிடுங்கள் என்று.

இந்தப் பத்தியைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் வழக்கம்போல வீட்டில் வாசித்துக் காட்டினேன். எப்போதும் "நல்லாருக்கு மக்ளே" என்பதோடு சரி. இந்த முறை அம்மா பாதியில் நிறுத்தினார்.

"எடே, அது தப்பு. சாக்க எடுத்து வச்சது நானாக்கும். உங்கப்பா இழுத்துட்டு வந்தது மட்டுந்தான்."

மேலே நான் திருத்தவில்லை. நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.